குறட்டை நடுவுல மூச்சே நின்னு போகுதுங்க, என்ன பண்றது?

சங்ககிரி அம்மிணி:
ஏனுங்க, வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டறாரு, வயசு 44, படுத்தாருன்னா குறட்டை பக்கத்தூட்டுக்கே கேக்கும். சத்தம் பழகிப்போச்சுங்க, ஆனா ஆறு மாசமா திடீர்னு சத்தம் நின்னுருது, நெஞ்சு மட்டும் தூக்கித் தூக்கிப் போடுது மூச்சு வரமாட்டேங்குது, நேத்து செல்போன்ல பாத்தேன் 25 செகண்ட், அப்பறம் கெணத்துல முங்கி மேல வந்தாப்புல இழுத்து மூச்சு உட்டுட்டு மறுபடி ஆரம்பிக்கறாரு. காலைல தலவலி. டீ டம்ளரப் புடிச்சுட்டே கண்ணு சொருகுது. மாமியா "ஒழைக்கற ஒடம்பு, நல்லா ஒறங்கறான்"ங்கறாங்க, எனக்கு வெசனமாவே இருக்குது.

ஈரோட்டுப் பையன்:
அக்கா அது நல்ல தூக்கமே இல்லீங்க. தூங்கறப்ப தொண்டச் சதை, நாக்கு எல்லாம் தளந்து மூச்சுக் கொழாய அடச்சுக்கும், ரத்தத்துல ஆக்சிஜன் எறங்கும், ஒடனே மூளை தட்டி எழுப்பும். ராத்திரி பூரா இதேதான், அவருக்கே தெரியாது. ஸ்லீப் ஆப்னியாம்பாங்க. இதனால பிரஷரும் ஏறுங்க. எங்கப்பாக்கு ரெண்டு மாத்திரை போட்டும் பிரஷர் எறங்கல, கோயமுத்தூர்ல தூங்க வெச்சு டெஸ்ட் எடுத்தா மணிக்கு 38 தடவ அடைப்பு. 30 தொட்டாலே ரொம்ப எச்சுங்க.

ராத்திரி டூட்டி:
நான் ஸ்லீப் லேப்லதான் வேல பாக்கறேன். குறட்டை விடற எல்லாருக்கும் இது இருக்காது, ஆனா 10 செகண்ட் மூச்சு நின்னாலே நாங்க கணக்குல எடுப்போம், நீங்க சொல்றது 25. நெஞ்சு டாக்டர் இல்லன்னா ஈஎன்டி பாருங்க, போறப்ப செல்போன்ல வீடியோ எடுத்துட்டுப் போங்க, அது ரொம்ப ஒதவும். டெஸ்ட்டுன்னா பயப்பட ஒண்ணுமில்ல, தலைல ஒயர், நெஞ்சுல பெல்ட்டு, வெரல்ல கிளிப், அப்படியே தூங்க வேண்டியதுதான். அதுவரைக்கும் தண்ணி அடிச்சுட்டுப் படுக்க வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம், ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, கண்ணு சொருகறவர ஸ்டியரிங் புடிக்க உடாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன்.

பல்லடம் தறிக்காரர்:
எனக்கும் இதேதானுங்க, ராத்திரி மூஞ்சில மாஸ்க் மாட்டிட்டுத் தூங்கற சிபாப் மெசின் போட்டு ரெண்டு வருசம் ஆச்சு. அது ஆக்சிஜன் இல்லீங்க, ரூம் காத்தத்தான் அழுத்தி உட்டு தொண்டைய தொறந்து வெக்குது. மொத பத்து நாள் தூக்கத்துலயே கழட்டி வீசிருவேன், பாத்தா மாஸ்க் சைசு தப்பு, மாத்துன பொறவு தறிச் சத்தத்துலயும் பகல்ல தூங்குன ஆளு இப்ப தூங்கறதில்ல. மொதல்லயே சைசு பாத்து வாங்குங்க.

சங்ககிரி அம்மிணி:
எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து ராத்திரி வீடியோ எடுத்துக் காட்டுனேன். ரெண்டு தடவ போட்டுப் பாத்தாரு, ஒண்ணுமே பேசல. பொறவு அவரே ஓனருக்குப் போன் பண்ணி பெங்களூரு லோடுக்கு வேற டிரைவரப் போடச் சொல்லிட்டாரு. திங்கக்கெழம ஈரோட்ல டாக்டரப் பாக்கறோம்.