நீலகிரி மழைக்குத் தாங்கும் செடிப் பெயர்ப்பட்டை: வீட்டில் தூக்கிப் போடும் பொருளில் செய்ய முடியுமா?

கோத்தகிரி மேட்டுப்பாத்தி

வணக்கம். ஆறு பாத்தியில் கேரட், பீட்ரூட், நூல்கோல், உருளையில் குஃப்ரி ஜோதியும் குஃப்ரி ஸ்வர்ணாவும். ஓரம் முழுக்க டேலியா, 11 நிறம். ஐஸ் குச்சியில் மார்க்கரால் பெயர் எழுதி நட்டதில், ஆடி மழைக்குள் பாதிக் குச்சி மண் மட்டத்திலேயே இற்றுப் போச்சு. இறாத குச்சியில் எழுத்து இல்லை. எழுத்தின் மேல் ஒட்டிய செலோடேப்புக்குள்ளும் தண்ணீர் இறங்கிவிட்டது.

டேலியாதான் பெரிய கவலை. தண்டு காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் கிடக்கும் மாதங்களில் எந்த நிறம் எங்கே என்று தெரிந்தாக வேண்டும். கடையில் வாங்காமல், ஒரு வருஷமாவது நிற்கிற மாதிரி வழி சொல்லுங்கள்.

குன்னூர் நாற்றங்கால்

குச்சியை மாற்றினால் மட்டும் போதாது, எழுதும் முறையையும் மாற்ற வேண்டும். மார்க்கர் மை சாயம்தான், வெயில் அதை வெளுக்கும். உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர் கூடும் என்பதால் சமவெளியைவிட நம் மலையில் சீக்கிரமே போய்விடும். டேலியா மாதிரி நீண்ட நாள் வேலைக்கு மையே வேண்டாம், தகட்டில் அழுத்தி எழுதுங்கள்.

குளிர்பானக் கேன் எடுங்கள். முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகரம், துருப்பிடிக்கும். ஒட்டாவிட்டால் அலுமினியம். மேல் மூடியையும் அடியையும் வெட்டி, பக்கவாட்டில் ஒரு வெட்டு விட்டு விரித்தால் ஏறக்குறைய 20 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலத் தகடு கிடைக்கும். 2.5 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் 8 வரும். விளிம்பு பிளேடு மாதிரி அறுக்கும், கையுறை கட்டாயம். நீள விளிம்பு இரண்டையும் 3 மி.மீ. உள்பக்கமாக மடித்து, கரண்டியின் முதுகால் தேய்த்து அமர்த்துங்கள். கையும் பிழைக்கும், பட்டையும் விறைப்பாகும்.

பழைய செய்தித்தாளை அரை அங்குலக் கனத்துக்கு அடுக்கி, பட்டையின் வெள்ளிப் பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் எழுதுங்கள். ஒரே மூச்சில் அழுத்தாமல் அதே கோட்டில் மூன்று தடவை போங்கள். எழுத்து 8 மி.மீ. உயரமாவது இருக்கட்டும், அதைவிடச் சிறிதானால் ழ, ண போன்ற சுழியெழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பலரும் கோட்டைவிடுவது புள்ளியில்தான்: குத்திவிட்டால் ஓட்டை விழுந்து அங்கிருந்தே கிழியும். புள்ளியை மட்டும் மெதுவாக வையுங்கள்.

ஊட்டி சாரல்

மூன்று மாதக் காய்கறிக்கு அவ்வளவு பாடு வேண்டாம். ஷாம்பு, பினாயில் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். 6 வேண்டாம், வெயிலில் நொறுங்கும். டப்பாவின் உயர வாக்கில் 2 செ.மீ. அகலம், 15 செ.மீ. நீளமாக வெட்டினால் அந்த வளைவு பட்டையிலும் இருக்கும், மண்ணில் குத்தும்போது மடங்காது. சோப்புத் தண்ணீரில் கழுவி, 220 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பைப் போக்கி, 2பி பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து கரி, வெயிலில் வெளுக்காது. பாசி படிந்தால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்; தேய்த்தால் எழுத்தும் போகும். அடுத்த போகத்துக்கு ரப்பரால் அழித்துத் திரும்ப எழுதலாம்.

மண்ணுக்குள் போகும் பகுதியிலும் அதே பெயரை ஒரு முறை எழுதிவையுங்கள். மேலே என்ன ஆனாலும் பிடுங்கிப் பார்த்தால் கீழே இருக்கும்.

தகட்டுப் பட்டைக்குத் தண்டாகக் குடைக்கம்பி போடுங்கள். நம் ஊரில் உடைந்த குடை இல்லாத வீடு ஏது! 30 செ.மீ. வெட்டி, ஆணியால் பட்டையில் இரண்டு ஓட்டை போட்டு ஊசிநூல் மாதிரி கோத்து, மேல் நுனியைக் குறட்டால் வளைத்துவிடுங்கள். குனியும்போது கண்ணில் குத்தாமலிருக்க இது அவசியம். மண் மட்டத்துக்கு மேலும் கீழும் 3 செ.மீ. அளவுக்கு, வீட்டில் மிச்சமிருக்கும் எனாமல் பெயிண்ட் பூசினால் துரு தள்ளிப்போகும். 12 செ.மீ. ஆழமாவது இறங்கட்டும். உறைபனி விழும் பள்ளத்தில் மேலாகக் குத்தியதை மண் வெளியே தள்ளிவிடும்.

கோத்தகிரி மேட்டுப்பாத்தி

நன்றிங்க. பழைய ஒயரில் உரித்த செம்புக் கம்பி நிறைய இருக்கிறது. டேலியாவின் ஊன்றுகோலில் பட்டையை அதால் கட்டலாமா? உடைந்த மங்களூர் ஓடும் கிடக்கிறது.

குன்னூர் நாற்றங்கால்

செம்பு வேண்டாம். ஈரத்தில் செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரித்து, ஓட்டையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு பட்டை கழன்று விழும். அலுமினிய ஒயர் இருந்தால் அது, இல்லையென்றால் நைலான் நூல். செடியின் தண்டில் நேராக இறுக்காமல் ஊன்றுகோலில் கட்டுங்கள்.

ஓடு தொட்டிச் செடிக்குச் சரி. ஈர ஓட்டில் பூசிய பெயிண்ட் உரிந்துவிடும்; இரண்டு நாள் நல்ல வெயிலில், மழைக்காலமென்றால் அடுப்பருகில், காயவைத்த பிறகே எனாமல். அதன் பின் 24 மணி நேரம் தொடாதீர்கள். பாத்தியில் வைத்தால் ஈரம் குடித்துப் பாசி மூடிவிடும்.

ஊட்டி சாரல்

ஒன்று விட்டுப்போச்சு. காட்டுமாடு மிதித்தாலோ குரங்கு பிடுங்கினாலோ எந்தப் பட்டையும் நிற்காது. பாத்தி வரைபடம் ஒன்றைப் பென்சிலால் நோட்டில் போட்டு, டேலியாக்களுக்கு வேலி மூலையிலிருந்து எத்தனை அடி என்று எழுதிவையுங்கள். உடைந்த பிளாஸ்டிக் துண்டை மண்ணில் விடாமல் பொறுக்கிவிடுங்கள், மாடு தின்றுவிடும்.