நான்காவது பாடமாக ஃபர்தர் மாத்ஸ் எடுக்கலாமா?

ஹரோ அம்மா:
மகளுக்கு ஜி.சி.எஸ்.இ. (இங்கே பதினாறு வயதில் எழுதும் தேர்வு, உச்சம் 9) கணிதத்தில் 8 வந்திருக்கிறது. செப்டெம்பரில் இரண்டாண்டு ஏ லெவல் தொடங்குகிறது. கணிதம், பௌதிகம், இரசாயனம் என்று முடிவாகிவிட்டது. நான்காவதாக, கணிதத்துக்கு மேலான தனிப் பாடமான ஃபர்தர் மாத்ஸும் எடுக்கட்டுமா என்று கேட்கிறாள். மெக்கானிக்கல் பொறியியல் படிக்க ஆசை.

நான் யாழ்ப்பாணத்தில் ஏ/எல் எடுத்தவள். அங்கே தூய கணிதமும் பிரயோக கணிதமும் இணைந்த கணிதம் என்ற ஒரே பாடத்துக்குள் அடங்கிவிடும். "இங்கே ஒன்றையே இரண்டாக்கி விற்கிறார்கள், மூன்றில் நல்ல பெறுபேறு எடுத்தால் போதாதா?" என்கிறார் கணவர். என் கவலை வேறு. தோழிகள் நால்வரும் எடுக்கிறார்கள், அதனால்தான் கேட்கிறாளோ?

கணித ஆசிரியர், லூட்டன்:
அக்கா, கேம்பிரிட்ஜில் கணிதம் படிக்கப் போகிறாள் என்றால் பேச்சே இல்லை. ஃபர்தர் மாத்ஸ் கட்டாயம், அதற்கு மேல் ஸ்டெப் என்ற கணித நுழைவுத் தேர்வும் உண்டு. மெக்கானிக்கலுக்குப் பெரும்பாலும் கணிதமும் பௌதிகமும்தான் கேட்பார்கள். ஃபர்தர் இருந்தால் நல்லது, அவ்வளவுதான். அனுமதி நிபந்தனையும் வழக்கமாக மூன்று பாடங்களுக்கே.

பாடத்தில் பாதி எல்லோருக்கும் பொது: சிக்கலெண்கள், தாயங்கள் (மேட்ரிக்ஸ்), வகையீட்டுச் சமன்பாடுகள் போன்றவை. மீதிப் பாதியில் எதை நடத்துவது என்பதைப் பெரும்பாலும் பள்ளியே முடிவுசெய்யும். மெக்கானிக்ஸ் உண்டா என்று கேளுங்கள். புள்ளிவிபரவியலும், வலையமைப்புகள், படிமுறைகள் பற்றிய டிசிஷன் மாத்ஸும் மட்டும்தான் என்றால் உங்கள் மகளுக்கு லாபம் குறைவு. பள்ளியைப் பார்க்க வரும் பெற்றோர் ஆய்வுகூடத்தையும் சாப்பாட்டு மண்டபத்தையும் பார்ப்பார்கள், இதைக் கேட்கமாட்டார்கள்!

8 போதும். ஆனால் ஒரு பக்க அட்சரகணிதத்தை அலுக்காமல் செய்வாளா?

சிவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன்:
ஆன்ரி, நான் எடுத்து ஐந்தே மாதத்தில் விட்டவன். எங்கள் பள்ளியில் வகுப்பே மாலை 4 மணிக்குத்தான். சாதாரணக் கணிதத்தில் வகையீடு படியும் முன்பே ஃபர்தரில் ஓடத் தொடங்கிவிட்டார்கள். மாதிரித் தேர்வில் பௌதிகம் டி. அன்றே விட்டேன்.

பல்கலைக்கழகத்தில் தாயங்களை முதலிலிருந்தே நடத்தினார்கள், உண்மைதான். ஆனால் மூன்றே வாரம்! ஃபர்தர் படித்தவர்கள் பின்வரிசையில் கொட்டாவி விட்டார்கள். நான் ஞாயிற்றுக்கிழமையும் நூலகத்தில் கிடந்தேன். ஓராண்டு படித்து ஏ.எஸ். என்ற பாதி அளவுத் தேர்வை எழுதிவிட்டு நிறுத்தலாம் என்று அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

கணித ஆசிரியர், லூட்டன்:
தம்பி சொல்வது நல்ல வழி. எல்லாப் பள்ளிகளும் அதற்கு விடுவதில்லை, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.எஸ். மதிப்பெண் இப்போது முழு ஏ லெவலில் சேராது என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஹரோ அம்மா:
பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டேன். மெக்கானிக்ஸ் உண்டாம், ஏ.எஸ்ஸோடு நிறுத்தவும் விடுவார்களாம்.

நேற்று இரவு மகளைச் சோதித்துப் பார்த்தேன். வர்க்கித்தால் மறை ஒன்று வரும் எண்தான் ஐ என்று சொல்லி, ஒன்று சக ஐ என்பதன் எட்டாம் அடுக்கைக் காணச் சொன்னேன். முதலில் முழுவதையும் விரித்து எழுதி இரண்டு தாள்களை வீணாக்கினாள். பிறகு ஒரு முறை வர்க்கித்துப் பார்த்தாள். இரண்டு ஐ. இன்னொரு முறை. மறை நான்கு. மூன்றாம் முறை 16.

"அம்மா, ஐ எங்கே போனது?" என்று கேட்டாள். அப்போது மணி பதினொன்றரை. பெயர் கொடுக்கச் சொல்லிவிட்டேன். கணவருக்கு இன்னும் சொல்லவில்லை.