மறு: ‘தொடக்கநிலைப் பிழை’யா, ‘உள்ளீட்டுத் தரவுப் பிழை’யா?

வணக்கம் ஐயா.

வானிலைக் கணிப்பு தொடங்கும்போதே உள்ளே இருக்கும் பிழைக்கு (initial condition error) அகராதியில் எந்தச் சொல் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். ‘உள்ளீட்டுத் தரவுப் பிழை’ வேண்டாம். அது பழி முழுவதையும் கருவிமேல் போட்டுவிடும். வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரி (model), அளவீடுகளை அப்படியே விழுங்குவதில்லை. பெரும்பாலும் ஆறு மணி நேரம் முன்பு ஓட்டிய கணிப்பை அடித்தளமாக வைத்து, பலூன், செயற்கைக்கோள், விமான நிலைய அளவீடுகளால் அதைத் திருத்தி, வரைபடத்தைப் பிரித்த கட்டங்கள் ஒவ்வொன்றிலும் வெப்பநிலை, ஈரப்பதம், காற்று, அழுத்தம் நிரப்புகிறார்கள். கருவி அத்தனையும் சரியாக இருந்தாலும் பழைய கணிப்பின் தவறு உள்ளே ஒட்டிக்கொண்டு வரும்.

மதுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 12 கி.மீ. கட்டத்தில் விமான நிலையமும் திருப்பரங்குன்றமும் வைகைக் கரையும் ஒன்றிரண்டு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். விமான நிலைய வெப்பமானி சரியாகத்தான் காட்டும். ஆனால் அந்தக் கட்டத்தின் சராசரி அது அல்ல. மேலடுக்கை அளக்கும் பலூன் சென்னையிலும் காரைக்காலிலும் காலை 5.30, மாலை 5.30 கணக்குக்குப் பறக்கிறது. நடுப்பகலில் மதுரைக்கு மேல் எவ்வளவு ஈரம் என்பதைச் செயற்கைக்கோளையும் முந்தைய கணிப்பையும் வைத்தே பெரும்பாலும் ஊகிக்க வேண்டும். சித்திரை, வைகாசி இடிமழைக்கோ அந்த ஈரம்தான் உயிர். தரையோரப் பனிநிலை (dew point, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 1 டிகிரி பிசகினாலே மழை உசிலம்பட்டியில் கொட்டுமா, கொட்டாமலே போகுமா என்பது மாறக்கூடும்.

‘தொடக்கநிலை’ பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட சொல். ‘தொடக்கநிலைப் பிழை’ என்றால் கற்றுக்குட்டி செய்த தவறு என்றே படிப்பார்கள். என் பரிந்துரை: ‘தொடக்க மதிப்புப் பிழை’. ‘தொடக்க மதிப்பு’ கணக்குப் படித்தவர்களுக்குப் புரியும்.

---

ஐயா, உங்கள் சொல்லை ஏற்கிறேன். 1961-இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினி மாதிரிக்கு 0.506127 என்பதை 0.506 என்று கொடுத்து மறுபடி ஓட்டியதும், கணிப்பு வேறு வழியில் போனதும் இந்தச் சொல்லுக்குள் அழகாகப் பொருந்துகின்றன.

ஒன்று மட்டும் சேர்க்க வேண்டும். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையம் (ECMWF) தொடக்க மதிப்புகளைச் சற்றே மாற்றிய 50 கணிப்புகளும் மாற்றாத ஒன்றுமாக 51 கணிப்புகள் ஓட்டுகிறது. அவை சீக்கிரமே சிதறினால், அன்றைய வானிலை தொடக்கப் பிழையைப் பெரிதாக்கும் வகை. எல்லாம் ஒன்றுபோல் சொல்லியும் தவறினால், மாதிரியின் சமன்பாடுகளையும் சந்தேகிக்க வேண்டும். அகராதிப் பதிவில் இந்த எல்லை தெரிய வேண்டும்:

தொடக்க மதிப்புப் பிழை: கணிப்பு தொடங்கும் நேரத்தில் மாதிரிக்குக் கொடுத்த வளிமண்டல மதிப்புகளுக்கும் உண்மை நிலைக்கும் உள்ள வேறுபாடு. ஓட்டத்தின்போது சமன்பாடுகளால் சேரும் பிழை இதில் அடங்காது.