தரையைப் பார்த்துத்தான் புழுவைக் கண்டுபிடிக்கிறேன்

அந்துப்பூச்சிப் புழு தேடப் போனால் நான் முதலில் செடியைப் பார்ப்பதில்லை. தரையைத்தான் பார்ப்பேன். பழக்கிவிட்டது எங்கள் வீட்டு நந்தியாவட்டை. நாலு வருஷம் முன்னால், ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. பூப்பறிக்கப் போன அத்தை, "ஏம்மா, செடிக்குக் கீழ எலிப் புழுக்கை கிடக்கு, வந்து பாரு" என்றார். குனிந்து ஒன்றை எடுத்தேன். மிளகைவிடச் சற்றுப் பெரிது, கரும்பச்சை, நீளவாக்கில் ஆறு வரிப்பள்ளம். எலிப் புழுக்கைக்கு ஏது வரிப்பள்ளம்? இது ஏதோ பெரிய புழு போட்டது.

நேர் மேலே இருந்த இலைகளில் நடுநரம்பு மட்டும்தான் மிச்சம். தின்ற ஆளைக் காணோம். கால் மணி நேரம் தேடிக் கண் பூத்துப்போனது. கிளையை லேசாக அசைத்தேன். தளிர்த்தண்டு என்று நான் தாண்டிப்போன ஒன்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்துப் பக்கத்தில் கறுப்பு விளிம்போடு இரண்டு நீலக் கண் 'சட்'டென்று விரிந்தன. நிஜக் கண் இல்லை, தோலில் இருக்கும் பொட்டுதான். ஆனாலும் கையைப் பின்னுக்கு இழுத்துவிட்டேன். விரல் தடிமன், ஏழெட்டு சென்டிமீட்டர் நீளம், பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளி வரிசை, வாலில் சின்னக் கொம்பு. அரளி அந்துப்பூச்சியின் புழு.

அதற்குப் பிறகு ஓடைக்கரை அரளிப் புதர்களிலும் இதே வழிதான். புழுக்கை ஈரமாக, பச்சையாக இருந்தால் புழு அங்கேதான் இருக்கும். காய்ந்து கறுத்திருந்தால் இடம் மாறியிருக்கலாம். மழை பெய்த மறுநாள் காலை ரொம்ப நல்லது: பழையதெல்லாம் கரைந்துவிடும், கிடப்பதெல்லாம் புதுசு. ராத்திரியில் புற ஊதாக்கதிர் டார்ச் அடித்தால் இலை இருண்டு புழு மட்டும் வெளிறித் தெரியும். எனக்கென்னவோ பகல் தேடல்தான் பிடிக்கும். அரளிப்பால் கண்ணில் படக்கூடாது. கை கழுவாமல் எதையும் தொடாதீர்கள்.

விருத்தாசலம் பக்கம் உறவினர் எள்ளு வயலில் பார்த்த கொம்புப்புழுவையும் சொல்ல வேண்டும். மஞ்சள் கலந்த பச்சை உடம்பில் சாய்ந்த கோடுகள். தொட்டதும் தாடையைக் கடித்து 'டிக் டிக்' என்று சத்தம் போட்டது. புழு சத்தம் போடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. வளர்ந்தால் முதுகில் மண்டையோட்டு முகம் தாங்கி, தேன்கூட்டில் புகுந்து தேன் குடிக்கும் அந்துப்பூச்சி இதுதான்.

வருத்தமான அனுபவமும் உண்டு. முதுகு பழுப்பேறிக் கீழே இறங்கிய ஓர் அரளிப் புழுவைச் சருகு போட்ட தொட்டியில் விட்டு வலையால் மூடினேன். அந்த நிறம் வந்தால் கூட்டுப்புழுவாகப் போகிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் தினமும் எட்டிப் பார்த்தேன். கடைசியில் வலைக்குள் பறந்தவை மயிர் சிலிர்த்த சாம்பல் ஈக்கள். தலைக்குப் பின்னால் அரிசிக் குருணை போல ஒட்டியிருந்த வெள்ளைப் புள்ளிகளை முதல் நாளே பார்த்திருந்தேன். அவை புழுவை உள்ளிருந்து தின்று வளரும் ஈயின் முட்டைகள் என்று புரிந்துகொள்ளவில்லை. ஈயும் பிழைக்கத்தான் வேண்டும். ஆனாலும் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நேற்றுக் காலை அத்தையே கூப்பிட்டுக் காட்டினார்: நந்தியாவட்டைக்குக் கீழே மூன்று புழுக்கை, ஈரம் காயாமல். இரண்டு பேரும் சேர்ந்து தேடினோம். ஆள் இன்னும் அகப்படவில்லை.