70இல் ஓட வேண்டிய றோட்டுக்கு 97 வரை போகும் இரண்டாம் கியர் எதற்கு?

பரந்தன் சந்தி:
வணக்கம் உறவுகளே. வவுனியாவில் ஒருவர் தன்னுடைய ரொயோட்டா 86 ஸ்போர்ட்ஸ் காரை விற்கப் போகிறார். 2013 மொடல், கையால் மாற்றும் ஆறு கியர், 17 அங்குலச் சில்லு. ஓடிப் பார்க்கத் தந்தார். ஸ்டியரிங்கில் குறை சொல்ல ஏலாது. கியர் லீவர் மணிக்கட்டை அசைத்தாலே போய் விழுகிறது. ஆனால் ஒன்று மட்டும் நெருடுகிறது: கியர்கள் மிகவும் நீளம், அதாவது ஒவ்வொரு கியரும் கூடிய வேகம் வரை போகும்.

புளியங்குளம் தாண்டி றோட்டு வெறுமையாகக் கிடந்த இடத்தில் இரண்டாம் கியரில் நன்றாக மிதித்தேன். மணிக்கு 70 கிலோமீற்றர் வந்தபோது எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் நிமிடத்துக்கு 5300 பக்கம்தான் நின்றது. எஞ்சினின் உச்சச் சுற்றைக் காட்டும் சிவப்புக் கோடு 7400இல். எஞ்சின் வாய் திறக்கும் நேரம் பார்த்துச் சட்டம் வந்து கையைப் பிடிக்கிறது. ஏ9 (கண்டி – யாழ்ப்பாணம்) றோட்டில் ஊர்மனைக்கு வெளியே காருக்கு 70, ஊருக்குள் 50. மூன்றாவதை முழுதாக ஓட்ட வேண்டுமென்றால் 138க்குப் போக வேண்டும். அதற்கு இங்கே றோட்டும் இல்லை, துணிவும் இல்லை. என்னுடைய பழைய ஹொண்டாவில் அரைவாசி பவர்தான், ஆனாலும் சந்திக்குச் சந்தி கியர் மாற்றி விளையாடலாம். நீளக் கியர் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் நம் பக்கத்தில் வீண் என்பது என் எண்ணம். மறுப்பவர்கள் வாருங்கள்.

ஓமந்தையான்:
மறுக்கிறேன் தம்பி. சிவப்புக் கோட்டைத் தொட்டால்தான் இன்பம் என்று யார் சொன்னது? நீளக் கியரில் ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டு போகும்போது சத்தம் கீழிருந்து மேலே ஏறி வருமே, அதுதான் எனக்கு வேண்டியது. கட்டைக் கியரில் அந்தச் சத்தம் தொடங்கமுன்னமே கிளச்சை மிதித்து அறுக்க வேண்டியிருக்கும். அப்புறம், வன்னி என்ன மலைநாடா? மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை கோடு கீறியதுபோல றோட்டு. முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் ஒரு பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஆறாம் கியரில் போட்டுவிட்டால் எஞ்சின் இருக்கிற இடமே தெரியாது. சித்திரை வெயிலில் அந்த அமைதி எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பெற்றோலும் மிச்சம்.

இன்னொன்று. மஸ்டா எம்எக்ஸ்-5இன் இப்போதைய மொடலில் டிஃபரன்ஷியல் விகிதம், அதாவது பின் அச்சில் இருக்கும் கடைசிப் பல்சக்கரங்களின் விகிதம், 2.866. எண் குறைந்தால் கியர் நீளம். உன்னுடைய 86இல் 4.1. எது நீளம் என்று நீயே பார். அந்த மஸ்டாவைத்தானே உலகம் முழுக்கத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

நெடுங்கேணி ரீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள், கணக்கைப் போட்டுவிடுகிறேன். 86இன் விகிதங்கள் முதலாவதிலிருந்து 3.626, 2.188, 1.541, 1.213, 1, 0.767. பின்னால் 4.1. 17 அங்குலச் சில்லில் உள்ள 215/45 ரயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 1.96 மீற்றர் உருளும். பெருக்கிப் பார்த்தால் 7400 சுற்றில் முதலாவது 59, இரண்டாவது 97, மூன்றாவது 138 கிலோமீற்றர் வரை போகும். பரந்தன் தம்பி சொன்னது சரி.

60 மைல் என்பது 96.6 கிலோமீற்றர். இரண்டாம் கியர் 97இல் முடிவது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. 0 – 60 மைல் ஓட்டத்தை இரண்டாவதிலேயே முடித்துவிட்டால் ஒரு கியர் மாற்றும் நேரம் மிச்சம், விளம்பரத்தில் போட நல்ல எண்ணும் கிடைக்கும். எரிபொருள், புகை, சத்தம் மூன்றையும் சோதிக்கும்போதும் சுற்றுக் குறைந்த எஞ்சினுக்கே வாசி. இதில் ஒன்றுகூட ஒட்டுசுட்டான் றோட்டில் ஓடுபவரை நினைத்துச் செய்தது இல்லை.

70இல் மூன்றாவது 3750, நான்காவது 2950, ஆறாவது 1870. ஓமந்தை அண்ணை சொல்லும் அமைதி இந்த 1870தான். அப்படிப் போகும்போது முன்னால் நெல் மூட்டை ஏற்றிய உழவு மெஷின் ஊர்ந்துகொண்டிருந்தால், அதை முந்த ஆறாவதில் மிதித்துப் பாருங்கள், சத்தம் மட்டும் மாறும்.

பரந்தன் சந்தி:
ரீச்சர், அந்த 3750 என்ற எண்ணைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. இந்த எஞ்சின் 3500க்கும் 4500க்கும் இடையில் கொஞ்சம் சோரும், இது 86 வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை. உச்ச முறுக்குவிசை 205 நியூட்டன் மீற்றர், அதுவும் 6400க்கு மேலே. ஆக மூன்றாவதில் 70ஐத் தொடும்போது நான் சரியாக அந்தக் குழிக்குள் நிற்கிறேன். இரண்டாவதுக்கு இறக்கினால் 5300, அங்கே கார் உயிரோடு இருக்கிறது. ஆனால் 70க்கு மேல் போக முடியாதே. இதைத்தான் சொல்கிறேன்.

சூரிச் கனகராயன்:
ஊர் கனகராயன்குளம், இருப்பது சூரிச்சில். ஓமந்தை அண்ணை சொன்ன எம்எக்ஸ்-5 தான் என்னிடம், 1.5 எஞ்சின். அண்ணை, டிஃபரன்ஷியல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு கதைக்கக் கூடாது. அதன் முதலாம் கியர் 5.087. இரண்டையும் பெருக்கினால் 14.6. 86இல் 14.9. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். என்னுடையது இரண்டாவதில் 7500 சுற்றுக்கு 99 வரை போகும்.

இங்கே ஊருக்கு வெளியே 80. மலைக் கணவாய் றோட்டுகளில் கொண்டை ஊசி வளைவை 30இல் எடுத்து, அடுத்த வளைவுக்கு முன் 80 வரை இழுத்து, திரும்ப பிரேக். முழுக்க இரண்டாவதிலேயே முடிந்துவிடுகிறது. 30இல் 2300 சுற்று, 80இல் 6000. கார் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. இடது கையும் இடது காலும் வேலையில்லாமல் கிடக்கின்றன. இங்கே ஸ்டியரிங் இடதுபக்கம் என்பதால் வலது கை என்று வாசிக்கவும். கையால் கியர் மாற்றத்தானே காசு கொடுத்தோம்?

இதைவிட மோசமும் உண்டு. போர்ஷே 718 கேமன் ஜிடி4. 4 லீற்றர், 420 குதிரை, 8000 சுற்று, கையால் மாற்றும் ஆறு கியர். இரண்டாவதில் 136 வரை போகும். ஊரில் அதை ஓட்டினால் முதலாம் கியரிலேயே பொலிஸ் மறிக்கும், ஏனென்றால் முதலாவதே 80 வரை. அந்தக் கார் வந்த நாளிலிருந்து ஓட்டிப் பார்த்து எழுதுபவர்கள் விடாமல் சொல்லும் ஒரே குறை இது.

ஓமந்தையான்:
பார்த்தீர்களா, சூரிச் தம்பியே என் பக்கம் சாட்சி சொல்கிறார். எம்எக்ஸ்-5இன் இரண்டாவது 99, 86இன் இரண்டாவது 97. இரண்டும் நீளம், இரண்டையும் சனம் விரும்புகிறது. ஜிடி4ஐயும் குறை சொல்லிச் சொல்லியே வாங்கினார்கள். அப்படியானால் இன்பத்தைக் கெடுப்பது நீளக் கியர் இல்லை என்றுதானே ஆகிறது? எஞ்சின் கீழே இழுக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. முறுக்குவிசை உள்ள எஞ்சினுக்கு நீளக் கியர் பொருந்தும். 86க்கு அது இல்லை. குறை எஞ்சினில், கியரில் இல்லை.

நெடுங்கேணி ரீச்சர்:
அதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீளத்தைவிட இடைவெளியைப் பாருங்கள். 86இல் முதலாவதை 7400 வரை இழுத்து இரண்டாவதுக்கு மாற்றினால் 4460க்கு விழுகிறது, தம்பி சொன்ன குழியின் ஓரத்துக்கு. இரண்டிலிருந்து மூன்றுக்கு 5210. மூன்றிலிருந்து நான்குக்கு 5820. மேலே போகப் போக நெருக்கம், கையும் எஞ்சினும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அதுதான். அந்த மூன்றும் நான்கும் நமக்குச் சட்டப்படி கிடைக்காது. நீளக் கியர் காரை மெதுவாக்கிவிடும் என்று நான் சொல்லவில்லை. நல்ல கியர்களை எல்லாம் 100க்கு அங்கால் கொண்டுபோய் வைத்துவிடுகிறது என்கிறேன்.

ஓமந்தையான்:
70க்குள் ஓடுவது என்றால் நான்காவதில் ஓடு ரீச்சர். மாடு குறுக்கே வரும், பின்னேரத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் யானையும் வரும். ஒவ்வொரு முறையும் மூன்று, இரண்டு என்று இறக்கி ஏற்ற வேண்டித்தான் இருக்கிறது. 3000 சுற்றில் மாற்றினாலும் கியர் மாற்றம் கியர் மாற்றம்தான்.

பரந்தன் சந்தி:
3000இல் மாற்றுவதற்கு எனக்கு லொறி போதும் அண்ணை.

மாங்குளம் கராஜ்:
மதியச் சாப்பாட்டு நேரம், அதனால் சுருக்கமாக. கியர் கட்டையாக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. 2017இல் அதே காரின் கை கியர் மொடலுக்கு அமெரிக்காவில் 4.1ஐ எடுத்துவிட்டு 4.3 போட்டார்கள். டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் அந்தப் பல்சக்கரச் சோடி, கிரவுனும் பினியனும், கிடைத்தால் பூட்டலாம். 5 வீதம்தான் வித்தியாசம். இரண்டாவது 97 என்பது 93க்குள் வரும். இழுக்கும்போது காலுக்குத் தெரியும், ஆனால் உங்கள் 70க்கு அது பதில் இல்லை. ரீச்சர் சொன்ன இடைவெளியும் அப்படியே இருக்கும், ஏனென்றால் பின்னால் மாற்றினால் எல்லாக் கியரும் ஒரே அளவால் குறையும். அதோடு கிரவுன் பூட்டுவது விளையாட்டு வேலை இல்லை. பல் படும் இடத்தைச் சாயம் பூசிப் பார்த்து, சிம் என்ற மெல்லிய தகடு வைத்து, திரும்பக் கழற்றி, திரும்பப் பூட்ட வேண்டும். அவசரப்பட்டால் 60 தாண்டியதும் பின்னால் ஊளையிடும். கனபேர் அப்படிப் பூட்டிய வண்டியோடு என்னிடம் வந்திருக்கிறார்கள்.

செலவில்லாத வழி ரயர். 205/45, 16 அங்குலம் போட்டால் சில்லின் விட்டம் 625இலிருந்து 591 மில்லிமீற்றருக்கு இறங்கும். அதுவும் ஐந்தரை வீதம். 4.3 கிரவுன் தருவதை ரயரே தந்துவிடும்.

சூரிச் கனகராயன்:
கார் 17 மில்லிமீற்றர் கீழே இறங்குமே அண்ணை. உள் றோட்டுகளில் அடி தட்டாதா?

மாங்குளம் கராஜ்:
தட்டும். ஏ9இல் மட்டும் ஓடுபவருக்குச் சரி, நெடுங்கேணிப் பக்கம் அடிக்கடி போகிறவருக்கு நான் பூட்ட மாட்டேன். மீற்றரும் கூடக் காட்டும், முள் 70இல் நிற்கும்போது கார் உண்மையில் 66 பக்கம்தான் ஓடும்.

பரந்தன் சந்தி:
அது நட்டமா இலாபமா?

ஓமந்தையான்:
பொலிஸுக்கு நட்டம்.
சரி, இதுதான் என் கடைசிச் சொல். 200 குதிரைக் காரை வாங்கி, கட்டை ரயர் போட்டு, அடி தட்டத் தட்ட ஓடி, 66இல் போய்க்கொண்டு 70 என்று நினைத்துச் சந்தோஷப்படுவதைவிட, இருக்கும் கியரை இருக்கிறபடியே வைத்து ஓடப் பழகுவது மேல். நீ பழைய ஹொண்டாவை விற்காதே தம்பி. உனக்கு வேண்டியது அதில் இருக்கிறது.

நெடுங்கேணி ரீச்சர்:
ஹொண்டாவை விற்க வேண்டாம் என்பதில் மட்டும் நானும் அண்ணையோடு.

பரந்தன் சந்தி:
இரண்டையும் வைத்திருக்க வீட்டில் விடமாட்டார்கள். 86ஐ நான் இன்னும் கைவிடவில்லை. அந்த ஸ்டியரிங்கை இந்தத் திரியில் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. கராஜ் அண்ணை, 16 அங்குலச் சில்லு அதன் முன் பிரேக்கில் முட்டாமல் சுற்றுமா?

மாங்குளம் கராஜ்:
யப்பானில் அதே கார் 16 அங்குலச் சில்லோடும் வந்தது. ஆனால் 17 அங்குலச் சில்லோடு வந்ததன் பிரேக் பெரிது. பூட்டிப் பார்க்காமல் சொல்ல மாட்டேன். என்னிடம் ஒரு பழைய 16 கிடக்கிறது, சனி பின்னேரம் கொண்டு வா. விற்பவரையும் கூட்டி வா, சொந்தக்காரர் நிற்காமல் ஒருவருடைய காரை நான் தூக்குவதில்லை.