பேர்ல ஏழு இருக்கற செப்டம்பர் ஏன் ஒன்பதாவது மாசம்?

கவிதா: (ஃபார்வர்டு) "முதலில் பத்து மாதங்களே இருந்தன. சீசர் ஜூலையையும் அகஸ்டஸ் ஆகஸ்டையும் நடுவில் நுழைத்ததால் செப்டம்பர் ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தள்ளப்பட்டது. தன் மாதத்தை 31 ஆக்க அகஸ்டஸ் பிப்ரவரியில் ஒரு நாளைப் பிடுங்கினார்."

கவிதா: பெரியப்பா, பாப்பா இதை அப்படியே ப்ராஜெக்ட்ல எழுதப் போறா. சரிதானா?

பெரியப்பா: வேண்டாம்மா. பத்து மாசம்ங்கறது ரோமானியர்களே சொன்ன பழைய மரபு, அது இருக்கட்டும். மத்ததெல்லாம் தப்பு. யாரும் மாசத்தை நுழைக்கல, இருந்ததுக்குப் பேர் மாத்தினாங்க. குவின்டிலிஸ்னா அஞ்சாவது, கி.மு. 44-ல அது ஜூலை. செக்ஸ்டிலிஸ்னா ஆறாவது, கி.மு. 8-ல அது ஆகஸ்ட்.

ரமா அத்தை: பழைய வருஷம் மார்ச்ல தொடங்கும் கவிதா. மார்ச்லேர்ந்து விரல் விட்டு எண்ணச் சொல்லு, செப்டம்பர் ஏழுல வந்து நிக்கும். கி.மு. 153 முதல் கான்சல்கள், அதாவது ரோமோட ஆட்சித் தலைவர்கள், ஜனவரி 1-ல பதவியேத்தாங்க, வருஷத் தொடக்கமும் அங்க போயிடுச்சு. பேரை யாரும் திருத்தல. அப்ப சீசர் பொறக்கவே இல்ல.

செந்தில்: பாப்பாவுக்கு மனசுல நிக்க ஒரு வழி இருக்குக்கா. சப்தஸ்வரம் செப்டம்பர், அஷ்டலட்சுமி அக்டோபர், நவராத்திரி நவம்பர், தசாவதாரம் டிசம்பர். வெறும் ஒலி ஒற்றுமை இல்ல. லத்தீன் செப்டெம், ஆக்டோ, நோவெம், டெகெம் எல்லாம் வடமொழி எண்களோட ஒரே மூலத்துலேர்ந்து பிரிஞ்சதுதான்.

கவிதா: இது பிரமாதம்டா! அப்ப பிப்ரவரிக்கு ஏன் 28?

பெரியப்பா: அது ஆதியிலேர்ந்தே 28. ஒற்றைப்படை எண்தான் நல்லதுன்னு அவங்க நம்பிக்கை. அதனால மார்ச், மே, குவின்டிலிஸ், அக்டோபருக்கு 31, வேற ஏழு மாசத்துக்கு 29. சுத்திகரிப்புக்கும் முன்னோர் சடங்குக்கும் உரிய பிப்ரவரி மட்டும் இரட்டைப்படை. கூட்டிப் பாரு: 124 + 203 + 28 = 355. பத்து நாள் குறையுது இல்லையா? அதைச் சரிக்கட்ட அப்பப்ப ஒரு அதிக மாசம் சேர்ப்பாங்க. பூசாரிகள் அதை ஒழுங்கா சேர்க்காததால பருவமும் தேதியும் பிரிஞ்சு போச்சு. அதை நேராக்கவே கி.மு. 46-ஐ 445 நாளா நீட்டினார் சீசர்.

பெரியப்பா: அடுத்த வருஷத்துலேர்ந்து அந்த 10 நாளைப் பங்கு போட்டார். ஜனவரி, செக்ஸ்டிலிஸ், டிசம்பருக்கு ரெண்டு ரெண்டு. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பருக்கு ஒண்ணொண்ணு. ஆகஸ்ட் 31 ஆனது அப்பவே, அகஸ்டஸ் கைவைக்கல.

ரமா அத்தை: அத்தாட்சியும் இருக்கு. இத்தாலியில அன்சியோ ஊர்ல கிடைச்ச சுவர் காலண்டர், சீசர் மாத்தறதுக்கு முந்தினது. அதுல செக்ஸ்டிலிஸ் 29 நாள். இன்னொண்ணு, 'ஐடஸ்'னு மாச நடுவுல வர்ற நாள். பழைய 31 நாள் மாசங்கள்ல அது 15-ம் தேதி, மத்ததுல 13. ஆகஸ்டுக்கு 31 நாள் ஆன பிறகும் ஐடஸ் 13-லேயே இருந்துச்சு. 29 நாள் மாசத்தோட வால்ல ரெண்டு நாளை ஒட்டினாங்கங்கறதுக்கு அந்தத் தேதியே தடயம். எனக்கு ரொம்பப் பிடிச்ச சான்று அண்ணா இது.

செந்தில்: பிப்ரவரியில பிடுங்கின கதை 13-ம் நூற்றாண்டு அறிஞர் சாக்ரோபோஸ்கோ எழுதினது. அங்கேர்ந்துதான் இப்படிப் பரவுது.

கவிதா: அப்ப காலக்கோடு வரையச் சொல்லிடறேன். 153, 46, 44, 8.

பெரியப்பா: இடமிருந்து வலமா அதே வரிசைதான்மா. கி.மு.-ல எண் பெருசா இருந்தா முந்தினது, பிள்ளைங்க அங்கதான் தலைகீழாப் போட்டுடும்.