ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் உதறுகிறதா? உங்கள் அனுபவம்

ஆலந்தூர்வாசி:
போன மே மாதம், கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது. மூன்றாவது கியர். மிதித்தால் வண்டி பாய்கிறது, சட்டென்று தொய்கிறது, மறுபடி பாய்கிறது. பின்னால் மாநகரப் பேருந்து, விடாமல் ஹாரன். அம்மா பின்சீட்டிலிருந்து என் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அந்தப் பிடி இன்னும் மறக்கவில்லை. சமதளத்தில் ஒரு தொந்தரவும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் முதலில் பெட்ரோல் பில்டர், அப்புறம் பம்ப் மாற்றினார்கள். உதறல் போகவில்லை. வேறொரு மெக்கானிக் ஸ்கேனர் போட்டார். வந்த பழுதுக் கோடு (எரர் கோட்) பி0302: இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. அந்தச் சிலிண்டரின் காயிலை, அதாவது பிளக்கில் பொறி வர மின்சாரம் தரும் பாகத்தை, கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓட்டினார், கோடு பி0303 ஆகிவிட்டது. காயில்தான்!

வேளச்சேரி பெட்ரோல் வண்டி:
எனக்கு 2023 டிசம்பரில், மிக்ஜாம் வெள்ளம் வடிந்த பிறகு. பெட்ரோல் போட்டுக் கிளம்பி அடுத்த சிக்னல்கூடத் தாண்டவில்லை, உதறி நின்றது. டாங்கிலிருந்து பாட்டிலில் பிடித்துக் காட்டினார்கள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர்! அதனால் முதலில் பெட்ரோலைப் பாருங்கள், காயிலெல்லாம் அப்புறம்.

குரோம்பேட்டை:
மேலே சொன்னதை ஏற்க முடியவில்லை. அவ்வளவு தண்ணீர் கலந்தால் நிற்கும்போதே எஞ்சின் தள்ளாடும். மேட்டில் மட்டும் உதறினால் முதலில் பிளக்கையும் காயிலையும் பாருங்கள். சுமை கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், பிளக்கில் பொறி பறக்க அதிக வோல்டேஜ் வேண்டும். தளர்ந்த காயில் அங்கேதான் கைவிடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையும் கெடுத்துவிடும், அது காயிலைவிடப் பல மடங்கு செலவு. கோடு பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். என் வண்டியில் ஏர் பில்டருக்குப் பின்னால் உள்ள ரப்பர் குழாயில் விரிசல். மிதித்தால் எஞ்சின் அசையும், விரிசல் வாய் திறக்கும், காற்றை அளக்கும் சென்சாரின் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். குழாயை மாற்றியதும் சரியாகிவிட்டது.

ஆலந்தூர்வாசி:
பழைய பம்பை நான் கேட்டு வாங்கவில்லை. அது நன்றாகத்தான் இருந்திருக்கும்.